முதல் பல்லைக் கண்டவள்

ஹொல்ம்லியா, ஒஸ்லோ
18 ஜனவரி 2024

அன்புள்ள மிதுனா,

நானும் உன் அத்தானும் சுகம். பனி தொடங்கியதிலிருந்து என் முழங்கால் மட்டும் முறைப்பாடு செய்துகொண்டிருக்கிறது. நீயும் ஐலுவும் என் செல்லம் யாழும் எப்படி இருக்கிறீர்கள்? யாழுக்குத் தடிமன் விட்டதா? படுக்கும்போது மூக்கு அடைக்கிறதா?

கடிதத்தைக் கண்டு திகைக்காதே. வருடப்பிறப்பன்று போனில் "அக்கா, வையுங்கோ" என்று சொல்லி, நான் வைக்கும் முன்பே நீ வைத்துவிட்டாய். நாங்கள் இருவரும் போனில் கதைத்தால் மூன்றாவது நிமிடம் சண்டை வருகிறது. கடிதமென்றால் கோபத்தில் எழுதிய வசனத்தை வெட்டிவிடலாம். இதில் இதுவரை நான்கு வசனம் வெட்டியிருக்கிறேன். ஆகையால் இனிக் கடிதம்தான், நீயும் எழுது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு உன்னைப் பத்து வருடம் இழுத்துக்கொண்டு போனது வீணாகக்கூடாது.

அன்றைக்குச் சண்டை எதற்கு என்று அத்தான் இன்னமும் கேட்கிறார். உன் மச்சாள் மாரெத், ஐலுவின் அக்கா, யாழைத் தூக்கிவைத்துப் படம் போட்டிருந்தாள். கீழே "என்ரை பெட்டை" என்று நோர்வேஜிய மொழியில் எழுதியிருந்தாள். அவளுடைய பெட்டை எப்படி ஆகும் என்று கேட்டேன். அது பிழையா? அவள் தகப்பனின் அக்கா என்றால் நான் தாயின் அக்கா. அவள் வீடு உன் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம், நான் இரண்டு விமானம் ஏறவேண்டும். யாழ் பிறந்து மூன்று மாதத்தில் நான் அவளைத் தூக்கியது ஆறே ஆறு நாள்.

பொங்கலுக்கு அனுப்பிய பட்டுப் பாவாடை கிடைத்ததா? பொங்கலுக்குப் பிறகு மாரெத் போட்ட படத்தில் அதைக் காணவில்லை. மாரெத் தைத்த நீலச் சட்டையைத்தான் கண்டேன். ஸாமி இனத்தவரின் சட்டை வடிவாகத்தான் இருக்கிறது, இல்லையென்று நான் சொல்லவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
உதயகுமாரி

—

கராஷோக், வட நோர்வே
11 பெப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூன்று பேரும் சுகம். யாழுக்குத் தடிமன் போய்விட்டது. உங்கள் முழங்காலுக்கு எண்ணெய் பூசுகிறீர்களா? அத்தானிடம் பூசிவிடச் சொல்லுங்கள். பஸ் ஓட்டுகிற கைதானே, பலம் இருக்கும்.

என் எழுத்துப் பிழைகளைச் சிவப்புப் பேனாவால் திருத்தித் திருப்பி அனுப்பவேண்டாம்.

பாவாடை கிடைத்தது. பொங்கலன்று இங்கே பூச்சியத்துக்குக் கீழே முப்பத்தொரு பாகை. கம்பளி உடுப்பின் மேல்தான் கட்டிவிட முடிந்தது. யாழ் ஒரு சின்னப் பட்டுப் பீப்பா மாதிரி இருந்தாள். படம் இத்துடன் இருக்கிறது. பெப்ரவரி ஆறு ஸாமி மக்களின் தேசிய நாள் என்று உங்களுக்குத் தெரியும். அன்றும் அந்தப் பாவாடையைக் கட்டிவிட்டேன், அதன் மேல் மாரெத் தைத்த சட்டை. மாரெத் பாவாடைக் கரையைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

தொட்டிலில் ஒரு வெள்ளி உருண்டை கட்டியிருக்கிறாள். கண்ணுக்குத் தெரியாமல் நிலத்துக்குக் கீழே இருப்பவர்கள் பிள்ளையை மாற்றிவிடாமல் அது காக்குமாம். நீங்கள் அனுப்பிய கறுத்த வளையலும் யாழின் கையில்தான் இருக்கிறது. இரண்டுக்கும் வேலை ஒன்றுதான்.

அக்கா, மாரெத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவர்களின் அப்பாவை ஏழு வயதில் விடுதிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்களாம். அங்கே ஸாமி மொழி கதைத்தால் தண்டனை. வருடத்தில் இரண்டு தரம்தான் வீடு. அவர் சாகும்வரை கடையில் நின்று தன் மொழியில் பால் கேட்கமாட்டாராம், சுற்றிப் பார்த்துவிட்டுக் கையால் காட்டுவாராம். மாரெத் யாழை விடாமல் பிடித்துக்கொள்வது அதனால்தான். உங்களிடமிருந்து பறிப்பதற்கு இல்லை.

இன்னொன்று. இங்கே கலைமான் மந்தை வைத்திருக்கிற குடும்பங்களில், பிள்ளையின் முதல் பல்லை யார் முதலில் காண்கிறாரோ, அவர் பிள்ளைக்கு ஒரு கலைமான் கன்று கொடுக்கவேண்டும். அந்தக் கன்றின் காதில் பிள்ளையின் சொந்த அடையாளத்தை வெட்டிவிடுவார்கள். பிள்ளையின் மந்தை அதிலிருந்துதான் தொடங்கும். தாய் தகப்பன் கண்டால் கணக்கில் இல்லை. மாரெத் இப்போதே ஒரு சினைமானைப் பார்த்து வைத்துவிட்டாள். ஒவ்வொரு நாளும் வந்து யாழின் வாய்க்குள் பார்க்கிறாள்.

நாங்கள் முதல் பல்லுக்குப் பிள்ளையின் தலையில் பல்லுக் கொழுக்கட்டை கொட்டுகிறதைப் பற்றி அவளுக்குச் சொன்னேன். ஆனால் எனக்கு முழுதாகத் தெரியாது. எனக்குக் கொட்டிய படம் இருக்கிறதே, அதைப் பற்றி எழுதுங்கள்.

தாயின் அக்காவுக்கும் தங்கைக்கும் ஸாமியில் வேறு வேறு சொல் இருக்கிறது, தெரியுமா? நோர்வேஜியர் மாதிரி எல்லாருக்கும் "தந்தெ" என்று ஒரே சொல் இல்லை. நீங்கள் "கொவஸ்கி".

அன்புடன்,
மிதுனா

—

ஹொல்ம்லியா
22 பெப்ரவரி 2024

அன்புள்ள மிதுனா,

நாங்கள் சுகம். எண்ணெய் பூசச் சொன்னதற்கு அத்தான் டிவியைப் பார்த்தபடி நல்ல முழங்காலுக்குப் பூசிவிட்டார். யாழ் பால் ஒழுங்காகக் குடிக்கிறாளா?

பீப்பாப் படத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறேன். மாரெத்தின் தகப்பனுக்கு நடந்தது பெரிய கொடுமை. அதை வாசித்த இரவு எனக்கு அவள் மேல் இரக்கம் வந்தது. விடிந்ததும் ஒவ்வொரு நாளும் வாய்க்குள் பார்க்கிறாள் என்று நீ எழுதியது நினைவு வந்தது, இரக்கம் போய்விட்டது. உள்ளதைச் சொல்கிறேன். நீ பல்லைப் பற்றி எழுதியதிலிருந்து வேலை செய்யும் வயோதிபர் இல்லத்தில் கிழவிகளுக்குக் கஞ்சி பருக்கும்போதுகூட நான் வாயைத்தான் பார்க்கிறேன்.

உன் படத்தைக் கேட்டாய். 1994, வடக்குக் கரையில் போட்ஸ்ஃபியோர்ட். அம்மாவும் அப்பாவும் மீன் தொழிற்சாலையில் நின்றார்கள். எனக்குப் பதினைந்து வயது. உன் பல்லை அம்மாதான் கண்டாள். அரிசிமாவை இடித்து, பயறும் சர்க்கரையும் உள்ளே வைத்து, தேங்காய்ச் சொட்டைப் பல்லுப்போல வெட்டிக் கரையில் செருகி அவித்தாள். தேங்காய் ஒன்று வாட்சோவிலிருந்து யாரோ காரில் கொண்டுவந்து கொடுத்தது. தேங்காயை உடைக்கும் சத்தத்துக்குக் கீழ்வீட்டு நோர்வேஜியன் ஏறி வந்தான், போகும்போது கொழுக்கட்டையோடு போனான்.

வழக்கப்படி பிள்ளையின் தலையில் கொட்டுவது மாமி. அப்பாவின் தங்கை அப்போது கிளிநொச்சியில். அந்த ஊரில் மாமி என்று சொல்ல ஒருத்தியும் இல்லை. அம்மா பாத்திரத்தை என் கையில் தந்து, "நீ கொட்டு, உதயா. இனி எல்லாத்துக்கும் நீதான்" என்றாள். சாதாரணமாகச் சொன்னாள். நாலு வருடத்தில் அவள் போய்விடுவாள் என்று அப்போது யாருக்குத் தெரியும். படத்தில் அம்மா உன்னைப் பிடித்திருக்கிறாள், மேலே இரண்டு கைகள் மட்டும் தெரிகின்றன அல்லவா, அவை என்னுடையவை.

யாழுக்கு உண்மையான மாமி இருக்கிறாள். வழக்கப்படி பார்த்தால் கொழுக்கட்டையும் மாரெத்தின் கையால்தான். மானும் அவளுடையது, கொழுக்கட்டையும் அவளுடையது. எனக்கு என்ன இருக்கிறது? கொவஸ்கி என்ற பெயர். அதையாவது வைத்துக்கொள்கிறேன்.

ஏப்ரலில் ஒஸ்லோவில் உனக்கு எக்ஸாமென், சோதனை, என்று முன்பு சொன்னாயே. பிள்ளையைக் கொண்டு இங்கே வா. நான் லீவு போடுகிறேன்.

அக்கா

—

கராஷோக்
26 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். பதில் பிந்தியதற்குக் கோபிக்காதீர்கள். படிப்பு, பால், படிப்பு, பால் என்று போகிறது. உங்களுக்கும் அத்தானுக்கும் சுகம்தானே?

நீங்கள் எழுதியதை மூன்று தரம் வாசித்தேன். அம்மா அப்படிச் சொன்னது எனக்குத் தெரியாது. அந்தக் கைகள் மாமியுடையவை என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

ஏப்ரல் 15 திங்கள் வருகிறோம், 19 வெள்ளி திரும்புகிறோம். மூன்று நாள் எக்ஸாமென். ஐலுவும் மாரெத்தும் அந்த நேரம் மந்தையைக் கரையோரத்துக்குக் கொண்டுபோவார்கள். மான் கன்று போடுவதற்கு முன்பு அங்கே சேரவேண்டும். மாரெத் யாழை விட்டு இரண்டு கிழமை எப்படி இருப்பது என்று இப்போதே முகத்தைத் தூக்கிவைத்திருக்கிறாள். நேற்று என்னிடம் பகிடி மாதிரிச் சொன்னாள்: "ஒஸ்லோவில பல்லு வராமப் பாத்துக்கொள்." எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

உங்கள் கத்தரிக்காய்க் குழம்பு வேண்டும்.

மிதுனா

—

ஹொல்ம்லியா
20 ஏப்ரல் 2024

மிதுனா,

இதை அனுப்பப் போவதில்லை. அதனால் சுகம் விசாரிக்கவில்லை. நேற்றுத்தான் போனாய், சுகமாகத்தான் போனாய்.

புதன்கிழமை பத்தரை மணிக்கு யாழுக்குக் கரண்டியால் தண்ணீர் கொடுத்தேன். கரண்டி எதிலோ தட்டியது. கீழ் ஈறைப் பெருவிரலால் தடவினேன், கூராக இருந்தது. யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அரிசிக் குறுணை அளவில் வெள்ளை. நான் கண்டேன். மாரெத் பனிக்குள் எங்கோ மான்களுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தபோது, ஹொல்ம்லியாவில், மூன்றாம் மாடியில், நான் கண்டேன்.

உடனே உனக்குச் செய்தி அனுப்பப் போனை எடுத்தேன். எடுத்து வைத்துவிட்டேன். சொன்னால் என்ன நடக்கும்? நீ மாரெத்துக்குச் சொல்வாய். முதல் கண்டவள் மான் கொடுக்கவேண்டும். என்னிடம் மான் இல்லை, ஸாமி அல்லாத நான் வைத்திருக்கச் சட்டமும் இல்லை. "பாவம், ஒஸ்லோக்காரி" என்று மாரெத் தன்னுடையதையே கொடுப்பாள். பிறகு நீங்கள் நாள் பார்த்துக் கொழுக்கட்டை அவிப்பீர்கள், மாமியென்று அவள் கையில் பாத்திரத்தைக் கொடுப்பாய். அப்போது நான் அடுத்த விமானத்துக்கு நேரம் பார்த்துக்கொண்டு நிற்பேன். இதெல்லாம் என் கண்ணுக்கு முன்னால் வந்தது.

ஆகவே மாவைக் குழைத்தேன். உறைப்பெட்டியில் தேங்காய் இருந்தது. யாழை வெள்ளைத் துணியில் இருத்தி, தலை நோகாதபடி அவளுடைய கம்பளித் தொப்பியைப் போட்டு, நானே கொட்டினேன். அவள் கையைக் காலை ஆட்டிச் சிரித்தாள். குசினியில் நாங்கள் இரண்டு பேர்தான். படம் எடுக்க ஆளில்லை. அம்மா தந்த அதே வேலை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். முடிந்ததும் கதிரையில் இருந்து அழுதேன்.

அத்தான் வேலையால் வந்து, "என்ன விசேஷம்?" என்று கேட்டார். "சும்மா அவிச்சனான்" என்றேன். ஆறு சாப்பிட்டார். மிச்சத்தை நீ வருவதற்கு முன் கீழ்வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். ஒரு கொழுக்கட்டைகூட உனக்கு வைக்கவில்லை.

எனக்குப் பிள்ளை பிறக்கவில்லை என்று நான் யாரிடமும் குறைசொன்னதில்லை. உன்னை வளர்த்தேன், அது போதும் என்றிருந்தேன். உன் பிள்ளையிலும் எனக்குப் பங்கு உண்டென்று நினைத்தேன். அந்தப் பங்கை ஒருத்தி பக்கத்தில் இருக்கிற காரணத்தாலேயே எடுத்துக்கொள்கிறாள். எனக்குப் பொறாமை. எழுதிவிட்டேன். இனி இதை அலுமாரியில் வைக்கப்போகிறேன்.

—

ஹொல்ம்லியா
24 ஏப்ரல் 2024

அன்புள்ள மிதுனா,

சுகமாகப் போய்ச் சேர்ந்ததை அறிந்தோம். விமானத்தில் யாழ் அழுதாளா? எக்ஸாமென் நன்றாகச் செய்திருப்பாய். அத்தான் வெறும் கட்டிலைப் பார்த்துவிட்டு வீடு பெரிதாகிவிட்டது என்கிறார்.

இங்கே எல்லாம் வழக்கம்போல. யாழ் நல்ல பிள்ளையாக இருந்தாள், ஒரு கரைச்சலும் இல்லை. நான்கு நாளும் சாப்பிட்டாள், தூங்கினாள், சிரித்தாள். வேறு சொல்லும்படியாக ஒன்றும் இல்லை.

வெளியில் கொண்டுபோகும்போது காதை மூடிக் கட்டு.

அக்கா

—

கராஷோக்
9 மே 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் சுகமா? உங்கள் கடிதம் மிகவும் சின்னதாக இருந்தது. வழக்கமாக நீங்கள் வெட்டுகிற வசனங்களே அதைவிட நீளம்.

முதலாம் திகதி மாரெத் கரையிலிருந்து திரும்பினாள். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை, நேரே யாழைத் தூக்கி வாய்க்குள் விரலை விட்டாள். பிறகு ஒரு சத்தம் போட்டாள், பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. பல்லு. தான்தான் முதல் கண்டவள் என்று அண்டை அயலுக்கெல்லாம் சொல்லிவிட்டாள். அவள் பார்த்து வைத்திருந்த மான் பெண்கன்று போட்டிருக்கிறது. யூலையில் காதில் அடையாளம் வெட்டுவார்கள்.

அக்கா, உங்களிடம் இருந்தபோது ஈறு தடித்திருந்ததா? நீங்கள் ஏதும் கவனித்தீர்களா? ஏதும் இருந்தால் எழுதுங்கள்.

நான் முடிவு செய்துவிட்டேன். யூலையில் நீங்களும் அத்தானும் இங்கே வரவேண்டும். கன்றுக்கு அடையாளம் வெட்டுகிற அதே நாளில் கொழுக்கட்டை கொட்டுவோம். பாத்திரம் உங்கள் கையில். மாரெத்திடம் கதைத்துவிட்டேன். போட்ஸ்ஃபியோர்ட் கதை முழுவதும் சொன்னேன், கேட்டுவிட்டு, "அப்ப அவதான் கொட்டவேணும்" என்றாள். வருகிறீர்கள் அல்லவா? நான் மூன்று தேங்காய்க்குச் சொல்லிவிட்டேன்.

மிதுனா

—

ஹொல்ம்லியா
2 யூன் 2024

அன்புள்ள மிதுனா,

சுகம். உங்கள் சுகத்துக்கும் குறைவில்லை என்று நம்புகிறேன். பல்லு வந்த செய்தி சந்தோஷம்.

யூலையில் வர முடியும்போலத் தெரியவில்லை. வேலையில் இரண்டு பேர் லீவு. முழங்காலும் நல்லாயில்லை. அத்தானுக்கு எல்லிங்ஸ்ருட்டில் ஒரு கலியாண வீடு இருக்கிறது. நீங்கள் வழக்கப்படி செய்யுங்கள். மாமி இருக்கும்போது மாமி கொட்டுவதுதான் முறை. ஈறைப் பற்றிக் கேட்டிருந்தாய், எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை.

தேங்காயை வீணாக்காதே. சம்பல் போடு.

அக்கா

—

ஹொல்ம்லியா
17 யூன் 2024

மிதுனா,

இரண்டு கிழமையாகத் தபால்பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன். உன் பதில் இல்லை. நேற்று அத்தான், "என்ன, தங்கச்சியோடை திருப்பியும் கொளுவலோ?" என்று கேட்டார். இல்லையென்றேன். உடனே அவர், "அண்டைக்கு ஏன் கொழுக்கட்டை அவிச்சனீர்?" என்றார். இரண்டு மாதம் ஒன்றும் கேட்காமல் இருந்த மனிதன்.

இத்துடன் ஏப்ரல் 20 எழுதிய கடிதத்தை வைக்கிறேன். அலுமாரியில் இருந்தது. ஒரு சொல்லும் வெட்டவில்லை. எனக்கு வர முடியாதது வேலையாலும் இல்லை, முழங்காலாலும் இல்லை. ஏற்கெனவே கொட்டியதை எல்லார் முன்னாலும் முதல் தரம்போல எப்படிக் கொட்டுவது? நீ எனக்கென்று எடுத்து வைத்திருந்ததை நான் களவெடுத்துவிட்டேன்.

மாரெத்துக்குச் சொல்வதா விடுவதா என்பது உன் விருப்பம்.

உதயா

—

கராஷோக்
25 யூன் 2024

அக்கா,

பால் கொடுக்கிறவளுக்குத் தெரியாமல் பல்லு வருமா?

புதன்கிழமை எக்ஸாமென் முடிந்து வந்து பால் கொடுத்தபோதே எனக்குக் கடித்தது. பார்த்தேன். உங்களுக்கும் தெரிந்திருக்கும் என்று உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தீர்கள். நீங்களாகச் சொல்லட்டும், அந்தச் சந்தோஷம் உங்களுடையதாக இருக்கட்டும் என்று பேசாமல் இருந்தேன். வியாழன் முழுக்கக் காத்திருந்தேன். வெள்ளிக்கிழமை தேத்தண்ணீர் தந்து பக்கத்தில் இருந்தீர்கள், இப்போது சொல்வீர்கள் என்று நினைத்தேன். "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றீர்கள்.

வீட்டுக்கு வந்து யாழின் தொப்பியைத் தோய்க்க எடுத்தேன். மடிப்புக்குள் ஒரு தேங்காய்ச் சொட்டு இருந்தது, பல்லு மாதிரி வெட்டியது. அக்கா, என்னிடம் அம்மாவோடு இருக்கிற ஒரே படம் அதுதான். என் பிள்ளைக்கும் அப்படி ஒரு படம் வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன்: நான் யாழைப் பிடித்திருக்க, மேலே உங்கள் இரண்டு கைகள். மாரெத் எதையும் என்னிடமிருந்து எடுக்கவில்லை. எடுத்தது நீங்கள்தான். அந்தக் கோபத்தை இவ்வளவு நாள் வைத்திருந்தேன். உங்கள் ஒவ்வொரு கடிதத்தையும் தபால்பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று உடைத்து வாசித்தேன்.

நானும் சுத்தமில்லை. மாரெத் சத்தம்போட்டுச் சந்தோஷப்பட்டபோது வாயை மூடிக்கொண்டு நின்றேன். சொட்டை ஒரு தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்றே மாரெத்திடம் போய் எல்லாம் சொன்னேன். அவள் கோப்பி போட்டாள், எனக்கு ஊற்றவில்லை. ஊரெல்லாம் சொன்னவள், இனி ஒவ்வொரு வீடாகப் போய் இல்லையென்று சொல்லவேண்டும். அவளுக்கு உங்கள் மேல் சரியான எரிச்சல். எனக்கு அது தெரிந்தது, ஏனென்றால் உங்கள் முகமும் அப்படித்தான் ஆகும். கடைசியில் சொன்னாள்: "ஒளிச்சவள் எண்டாலும் முதல் கண்டவள் அவள்தான். கன்று அவள்தான் குடுக்கவேணும். என்ரை மான்ரை கன்று, நான் அவளுக்குத் தாறன். ஆனா அவள் வந்து தன்ரை கையால பிடிக்கவேணும். அவள் வராட்டில் நான் வெட்டமாட்டன்."

அடையாளம் இல்லாத கன்று தாயை விட்டுப் பிரிந்தால் அது யாருக்கும் சொந்தமில்லை, அக்கா. காட்டில் நிற்கும், எந்தக் குடும்பத்துக்கும் சேராது. யாழுக்கு அப்படி ஒரு கன்று வேண்டாம்.

யூலை ஆறு. கோபம் போய்விட்டது என்று நான் எழுதமாட்டேன். வாருங்கள்.

மிதுனா

—

ஹொல்ம்லியா
16 யூலை 2024

அன்புள்ள மிதுனா,

நாங்கள் சுகமாக வந்து சேர்ந்தோம். அத்தானுக்கு நுளம்பு கடித்த வீக்கம் வற்றிவிட்டது. என் முழங்கால் அங்கே ஒரு நாளும் நோகவில்லை, இங்கே ரயிலால் இறங்கியதும் தொடங்கிவிட்டது. யாழின் இரண்டாவது பல்லு வந்ததா? அதை யார் கண்டாலும் எனக்குக் கவலை இல்லை. உண்மையாகவா என்று கேட்காதே.

நீ கொட்டிலுக்குள் யாழுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த நேரம் வேலிக்குள் நடந்ததை உனக்குச் சொல்லவேண்டும். மாரெத் கயிறு எறிந்து கன்றை விழுத்தி, என்னைப் பார்த்து, "பிடி" என்றாள். ஹொல்ம்லியாவில் கிழவிகளைக் கட்டிலில் திருப்பிப் படுக்கவைக்கிற கை, அதனால் பிடித்துவிட்டேன். அதன் நெஞ்சு என் முழங்கைக்குள் படபடவென்று அடித்தது. கத்தியை எடுத்தவள் உடனே வெட்டவில்லை.

"ஏன் ஒளிச்சனீ?" என்று கேட்டாள்.

"பொறாமை," என்றேன்.

அவள் கத்தியைக் காற்சட்டையில் துடைத்தாள். "நீ ஒஸ்லோவில நிக்கேக்கை மிதுனா உன்ரை கதைதான் கதைப்பாள். அக்கா அப்பிடிச் செய்வா, அக்கா இப்பிடிச் சமைப்பா. எனக்கும் கேட்டுக் கேட்டு எரிஞ்சது," என்றாள். பிறகு காதைப் பிடித்து வெட்டினாள். வலது காதில் இரண்டு, இடது காதில் ஒன்று. யாழுடைய அடையாளம். கன்று எழும்பித் தாயிடம் ஓடியது.

மத்தியானம் நடந்தது நீ கண்டதுதான். உன் படத்தில் என் கைகள் வராது, அதற்கு நானே காரணம். என் முறை ஏப்ரலில் முடிந்துவிட்டது, இது மாமியின் முறை. அதனால்தான் பாத்திரத்தை மாரெத்திடம் நீட்டினேன். நீட்டிய பிறகும் விரலை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவள் இரண்டு தரம் இழுத்துத்தான் எடுத்தாள். அவள் கொட்டியது சரியான வேகம், பிள்ளைக்குக் கண்ணில் பட்டது. நான் கொட்டியபோது யாழ் சிரித்தாள் என்பதை மட்டும் குறித்து வைத்துக்கொள். அழுதவளைத் தூக்க நாங்கள் இரண்டு பேரும் கையை நீட்ட, அவள் உன்னிடம் போனாள். அது சரிதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வெட்டிய காதுத் துண்டுகளில் கன்றுக்கு ஒன்றாக மாரெத் பைக்குள் போட்டு வைத்து, பின்னேரம் எண்ணிப் பார்த்தது உனக்கு ஞாபகம் இருக்கும். எத்தனை கன்று என்று அதை வைத்துத்தான் கணக்கு. எண்பத்திமூன்று கன்று வெட்டியதாக ஐலு சொன்னான், அவளுக்கு எண்பத்திரண்டுதான் வந்தது. மூன்று தரம் எண்ணினாள். நிலத்தில் குனிந்து தேடினாள், நானும் கூடவே குனிந்து தேடினேன்.

எடுத்தது நான். எங்கள் கன்றுடைய துண்டு. என் துணிப்பைக்குள் வைத்துக் கொண்டுவந்து, இப்போது ஒரு தீப்பெட்டிக்குள் போட்டிருக்கிறேன். இந்த முறை இரண்டு மாதம் வைத்திருக்கவில்லை, பார். மாரெத்திடம் இன்றைக்கே சொல்லிவிடு. திருப்பிக் கேட்டால் தரமாட்டேன் என்றும் சொல்லு.

யாழுக்கு என் முத்தம்.

அவளுடைய பெரியம்மா,
உதயகுமாரி